கிளறாத பானை

அத்தியாயம் 7

“ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். முப்பது வருஷமா நான் பாக்கிற உத்தியோகமே இந்தப் பழமொழிதான்” என்று சொல்லி, குத்தூசிக்காரர் தன் கருவியைக் கைக்குட்டையால் துடைத்துத் தானியப் பரிசோதனைக் கூடத்து மேசைமேல் வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஏலம் என்கிற மனிதருக்கு அதைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது. முழ நீள எஃகு, நுனி கூர், உடம்பில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். மூட்டையைப் பிரிக்காமல் சாக்கில் ஒரு குத்துக் குத்தி இழுத்தால் பள்ளத்தில் ஒரு கை தானியம் வந்துவிடும். அந்த ஒரு கையை வைத்துத்தான் மூட்டை நல்லதா கெட்டதா என்று உலகம் முடிவு செய்கிறது. அதை நம்பித்தான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள் இரண்டு வருடமாக மத்தியானம் தட்டு ஏந்தினார்கள். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அறுபத்தோரு பேருக்கு ஈரல் கெட்டிருந்தது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் செய்த வேலை என்றார் டாக்டர். மிச்சமிருந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது அதிர்ஷ்டம் என்றார். மருந்து கொடுத்தால் எல்லாரும் தேறிவிடுவார்கள் என்றும் சொன்னார். அந்தச் சோளம் வந்த கிடங்கிலிருந்தே வாங்கிய மற்றப் பள்ளிகளைப் பற்றி நினைக்க ஏலத்துக்குத் துணிவு வரவில்லை.

ஏலம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. காய்கறிச் சந்தையில் இருபது வருடம் ஏலம் விட்ட தொண்டைக்குச் சந்தை வைத்த பெயர். இப்போது அந்தத் தொண்டை தன் மனைவியின் அண்ணனிடம் உதவியாளராக வேலை பார்த்தது. அந்த அண்ணன் ஒரு காலத்தில் கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்த அதிகாரி. இன்று தனியார் துப்பறிவாளர். ஊர் அவரைத் தராசு என்றது. எதையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்காத மனிதர். ஏலமோ வாயைத் திறந்த பிறகுதான் தட்டைத் தேடுகிற ஜாதி.

“டீ ஆறுது, சாப்பிடுங்க தம்பி” என்றார் குத்தூசிக்காரர்.

டீ டம்ளருக்குப் பக்கத்திலேயே சோள மாதிரி அடைத்த பழைய புட்டி ஒன்று இருந்தது. உள்ளே சோளத்தைவிட வண்டு அதிகம். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கண்ணாடிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஏலம் டம்ளரை இரண்டு விரலால் தள்ளி வைத்தார்.

“வேண்டாங்க. காலையிலேயே வயித்துல இடமில்லாம போச்சு.”

“அந்தக் கேரியர் யாருக்கு?” என்று கேட்டார் தராசு. ஜன்னலோரம் மூன்று அடுக்கு டிபன் கேரியர் பளபளத்தது.

கிழவர் முகம் மலர்ந்தது. “பேத்திக்கு. தினம் நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவேன். பள்ளிக்கூடத்துல பொதுவுல வடிக்கிறது எல்லாம் ஒரு சாப்பாடா? சாயங்காலம் டப்பா காலியா வந்தாத்தான் எனக்கு மனசு நிறையும். இன்னிக்கு வரைக்கும் ஒரு பருக்கை மிச்சம் வெச்சதில்லை, என் தங்கம்!”

மூலையில் நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள்தான் இவர்களை அழைத்தவள். அந்தப் பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன், கிழவரின் மருமகள். அவர் குத்திக் கொண்டுவரும் மாதிரியைச் சோதித்து ‘நல்லது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள். சோதிக்காமலே கையெழுத்துப் போட்டாள் என்பதுதான் இப்போது அவள்மேல் குற்றச்சாட்டு. நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு விசாரணை. அதில் அவள் தோற்றால் வாசலிலேயே போலீஸ் வண்டி நிற்கும்.

“மாமா புண்ணியத்துல என் பொண்ணாவது தப்பிச்சா சார். அவளுக்கு ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படலை. ஆனா மத்த அம்மாக்களோட முகத்தைப் பாக்க முடியலை. என்கிட்ட வந்த சோளம் சுத்தமா இருந்துச்சு. சத்தியமா சுத்தமா இருந்துச்சு.”

“அழாதேம்மா. நான் இருக்கேன்ல?” என்று மருமகளின் தலையைத் தடவிவிட்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு கிழவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

“தங்கமான மனுஷன்” என்றார் ஏலம்.

தராசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, மத்த கிடங்குகள்லேர்ந்து வர்ற சாம்பிள்ல எவ்வளவு ஃபெயில் ஆகும்?”

“பன்னெண்டு லோடுக்கு ஒண்ணு சார். மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் கூட.”

“இந்தக் கிடங்கு?”

“இதுவரைக்கும் இருநூத்தி நாப்பது லோடு. ஒண்ணுகூட ஃபெயில் ஆனதில்லை.”

“அப்ப நல்ல கிடங்கு மச்சான்” என்றார் ஏலம். “இருநூத்தி நாப்பது தடவை யோக்கியமா இருந்தவன் இருநூத்தி நாப்பத்தோராவது தடவையும் யோக்கியனாத்தானே இருப்பான்?”

“மாப்பிள்ளை, இருபது வருஷம் சந்தையில குப்பை கொட்டினீங்க. ஒரு கூடைத் தக்காளியில ஒரு அழுகல்கூட இல்லாம பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேனே.”

“எங்க?”

“மேல் அடுக்குல” என்று சொன்ன ஏலம், தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“யோக்கியனா இருந்தா இருபது தடவையாவது ஃபெயில் ஆகியிருப்பான். மழை யோக்கியனுக்கும் பெய்யும், எலி யோக்கியன் மூட்டையையும் கடிக்கும். இருநூத்தி நாப்பதுல ஒண்ணுகூட இல்லைன்னா நமக்கு யாரோ மேல் அடுக்கை மட்டும் காட்டிக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம்.”

“ஆனா மாமா ஆயிரம் மூட்டையில எந்த இருபதைக் குத்துவார்னு யாருக்கும் தெரியாதே சார்” என்றாள் அந்தப் பெண். “மனசுல தோணுற நம்பரைத்தான் குத்துவார்.”

“அந்த மனசைத்தான் பாக்கணும். அவர் குத்தின நம்பரெல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்குமே, எடுத்துட்டு வாம்மா. மாப்பிள்ளை, உங்க தொண்டைக்கு வேலை வந்திருக்கு.”

ரெஜிஸ்டரிலும் பூஞ்சண வாடை அடித்தது. ஏலம் முகத்தைச் சுளித்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, சந்தையில் கூவுகிற அதே ராகத்தில் படித்தார்.

“பதிமூணு! நாப்பத்தேழு! நூத்தி முப்பத்தேழு! இருநூத்தி மூணு! முந்நூத்திப் பதினேழு…” ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் வந்தது. “…ஐந்நூத்தி எழுபத்தி மூணு! அறுநூத்தி ஏழு! எழுநூத்தி இருபத்தேழு…” குரல் தானாகத் தணிந்தது. ராகம் போட்டுப் படித்ததில்தான் பிடிபட்டது. ஒவ்வொரு வரியும் ஒரே சுருதியில் வந்து நின்றது. “மச்சான், மூணு, ஏழு, ஏழு, மூணு. கடைசி எண்ணுல வேற எதுவுமே வரலை. ஒரு பூஜ்யம் இல்லை, ஒரு அஞ்சு இல்லை.”

“எல்லாப் பக்கமும் பாருங்க.”

எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. “அப்படின்னா மாமா…”

“அவசரப்படாதே தங்கச்சி. ஒண்ணுலேர்ந்து நூறுக்குள்ள, யோசிக்காம ஒரு நம்பர் சொல்லு.”

“எழுபத்தி மூணு.”

“நீங்க மாப்பிள்ளை?”

“முப்பத்தேழு.”

“ஏன், நாப்பது சொன்னா நாக்குல புண்ணு வந்துடுமா?”

“நாப்பதுன்னா ஏதோ திட்டம் போட்டுச் சொன்ன மாதிரி இருக்கே மச்சான். முப்பத்தேழுன்னாத்தான் குருட்டாம்போக்குல வந்த மாதிரி இருக்கு.”

“பாத்தீங்களா? குருட்டாம்போக்குல போறேன்னு கிளம்புற மனுஷன் எல்லாரும் ஒரே சந்துக்குள்ளதான் நுழையறான்” என்று தராசு நாற்காலியில் சாய்ந்தார். “சோறு கொதிக்கும்போது பானை தன்னைத்தானே கிளறிக்குது. அதனாலதான் ஒரு சோறு பதம்னு சொல்லி வெச்சான். மூட்டை கொதிக்காது, நாமதான் கிளறணும். ஆயிரத்துல எந்த இருபதுன்னு குத்துறவனுக்கே தெரியாம சீட்டுக் குலுக்கி எடுத்தா, அது கிளறல். இவர் கிளறவே இல்லை. மூணுலயும் ஏழுலயும் முடியற மூட்டையில மட்டும் நல்ல சோளம் போட்டுட்டா மத்த எண்ணூறு மூட்டையில மண்ணைக்கூடக் கொட்டலாம்.”

ஏலத்துக்குப் பெருமூச்சு வந்தது. “அப்பாடா! பெரியவர் பேர்ல தப்பில்லை. அவருக்கே தெரியாத ஒரு பழக்கம். அதைக் கிடங்குக்காரன் கவனிச்சுப் பயன்படுத்தியிருக்கான். கேஸ் முடிஞ்சுது, கிளம்பலாமா? இந்த வாடையில இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா என் ஈரலையும் சோதிக்கணும்.”

“ஒரே காய்ச்சல், ரெண்டு நோய்லயும் வரும் மாப்பிள்ளை. முப்பது வருஷத்துல இரும்பாப் போன பழக்கமா இருக்கலாம். இல்லை, கிடங்குக்காரனோட முன்கூட்டிப் பேசி வெச்ச ஏற்பாடா இருக்கலாம். ரெண்டும் இதே ரெஜிஸ்டரைத்தான் எழுதும். இன்னும் நூறு தடவை படிச்சாலும் வித்தியாசம் தெரியாது.”

“அதுக்கென்ன? நாளைக்குக் காலையில கிடங்குல வேற நம்பர் மூட்டையைப் பிரிப்போம். அடுத்த லோடு அங்கதானே இருக்கு, அழுகல் வெளிய வந்துடும்.”

“வந்தா கிடங்குக்காரன் திருடன்னு தெரியும். இங்க அவனுக்குக் கூட்டாளி யாருன்னு தெரியாது. ரெண்டு மணிக்கு விசாரணையில உக்காந்திருக்கிறவங்க யாரைக் கூட்டாளின்னு சொல்லுவாங்க?”

இருவரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

தராசு எழுந்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் மூன்று பேரைத் தனித்தனியாகச் சந்தித்தார். முதலில் அந்தப் பெண்ணை வராந்தாவுக்கு அழைத்தார். பிறகு பரிசோதனைக் கூடத்து மேலாளரின் அறைக்குப் போனார். அந்தப் பெண்ணைச் சிக்கவைப்பதில் காட்டிய அவசரத்தை வேறு எந்தக் கோப்பிலும் காட்டாத, தலையை மட்டும் மணிக்கொரு தரம் சீவிக்கொள்கிற மனிதர் அவர். கடைசியாக, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய குத்தூசிக்காரரோடு வாசலில் நின்று, தோளில் கைபோட்டுப் பேசினார்.

“என்ன ரகசியம்?” என்றார் ஏலம், தெருவில் இறங்கியதும்.

“நாளைக்குக் காலையில விசாரணை அதிகாரியோட கடிதத்தோட போய் ஒரே ஒரு மூட்டையைப் பிரிக்கப்போறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு மூணு பேர்கிட்டயும் சொன்னேன். மூட்டை நம்பரையும் சொன்னேன். நாப்பது, நூத்திப்பத்து, இருநூத்தி அறுபது. ஆளுக்கு ஒரு நம்பர்.”

“யாருக்கு எது?”

“சொல்ல மாட்டேன். உங்க முகத்தைப் பாத்தே யாரும் ஏலம் கேட்டுடுவாங்க.”

“தங்கச்சிகிட்டயும் சொன்னீங்களா? நம்மளை நம்பி வந்த பொண்ணு மச்சான்! அவளையுமா?”

“இரக்கப்பட்ட ஆளையெல்லாம் விலக்கிட்டுத் தேடினா அதுக்குப் பேர் துப்பறியறது இல்லை, உறவு கொண்டாடறது” என்று சொல்லிவிட்டு தராசு நடந்தார். அன்றைக்கு ஏலம் வீட்டில் சாப்பிடவில்லை. ஏன் என்று மனைவி கேட்டதற்கு, “உங்க அண்ணனைக் கேளு” என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடங்கின் தகரக் கதவு திறந்தது. வாடை ஒரு ஆள் மாதிரி வெளியே வந்து அவர்களை வரவேற்றது. அதன் பின்னாலேயே கிடங்குக்காரர் வந்தார். வழுவழுவென்று சவரம், முகத்தில் பவுடர், சட்டையில் சென்ட். பூஞ்சண வாடைமேல் அந்த சென்ட் வாடை ஏறி உட்கார்ந்தது. வெறும் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலங்காரம் பண்ணிக்கொண்டு வருகிற நாற்றத்தை என்ன செய்வது?

“வாங்க, வாங்க! உக்காருங்க, கூலா ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றார் கிடங்குக்காரர்.

“வேண்டாம். இங்க மூச்சு விடறதே சாப்பிடற மாதிரி இருக்கு” என்றார் ஏலம்.

தராசு கடிதத்தைக் காட்டினார். “நூத்திப்பத்து.”

கிடங்குக்காரரின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. “நூத்திப்பத்தா? நாப…” என்றவர் இருமிக்கொண்டார். “எதை வேணும்னாலும் பாருங்க. மாதிரிக்கு முப்பத்தேழைப் பாக்கலாமே, இதோ கிட்டத்துலயே இருக்கு.”

“நூத்திப்பத்து.”

சாக்கின் தையலைத் தராசு கத்தியால் அறுத்தார். “மாப்பிள்ளை, கையை விடுங்க.”

“மச்சான், நான் இந்தக் குடும்பத்து மாப்பிள்ளை. கல்யாணத்தப்போ இந்தக் கையை ரோஜாத் தண்ணியில கழுவினீங்க.”

“அந்தக் கடனைத்தான் கேக்கிறேன். விடுங்க.”

ஏலம் கண்ணை மூடிக்கொண்டு முழங்கைவரை விட்டார். மேலே சூடாக இருந்தது. ஏதோ உயிருள்ள பிராணியின் வயிற்றுக்குள் கை விட்டதுபோல. அதற்குக் கீழே ஈரம். விரல்களுக்கிடையில் எதுவோ நெளிந்தது. கையை இழுத்தபோது கறுப்பும் பச்சையுமாகக் கட்டி கட்டியாகச் சோளம் வந்தது. கட்டியை உடைத்தால் உள்ளே பஞ்சு மாதிரி பூஞ்சணம். வண்டுகள் மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் வழி தேடின. எலிப் புழுக்கையும் இருந்தது. எண்ணிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

இதைத்தான் அரைத்து, காய்ச்சி, சர்க்கரை போட்டு வாடை தெரியாமல் ஆக்கி, வரிசையில் நின்ற பிள்ளைகளின் தட்டில் ஊற்றினார்கள். சந்தையில் வளர்ந்த ஏலத்துக்கு ஏமாற்று புதிதில்லை. எடை குறைத்திருக்கிறார், அழுகலை அடியில் வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்தவனிடம் சிரித்துக்கொண்டே இன்னொரு கை அள்ளிப் போட்டிருக்கிறார். அங்கே வாங்குகிறவனுக்கும் கண் இருந்தது, வாய் இருந்தது, கூடையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்ல உரிமை இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை எந்தக் கூடையைக் கவிழ்க்கச் சொல்லும்?

“மேல ஓடு ஒழுகுது. ஒண்ணு ரெண்டு மூட்டை அப்படி இருக்கத்தான் செய்யும்” என்றார் கிடங்குக்காரர்.

“இருநூத்தி அறுபது.”

அது இன்னும் மோசம். பிரித்ததும் புகை மாதிரி ஒரு தூசி எழுந்தது. ஏலம் வெளியே ஓடி, சுவரோரம் குனிந்து, காலையில் சாப்பிடாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

“நாப்பது.”

“பாருங்க, தாராளமா பாருங்க!” கிடங்குக்காரர் தானே முன்னால் ஓடிப்போய் மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தார்.

தராசு அறுத்தார். உள்ளேயிருந்து மஞ்சள் மஞ்சேரென்று சோளம் உருண்டு கொட்டியது. ஒவ்வொன்றும் முத்துப் பல் மாதிரி. ஒரு வண்டு இல்லை, ஒரு கறுப்பு இல்லை. அந்தக் கிடங்கில் அது கிடப்பதைப் பார்க்க, சாக்கடையில் பட்டுச் சேலை விரித்ததுபோல அருவருப்பாக இருந்தது.

“இப்ப என்ன சொல்றீங்க? ரெண்டு மூட்டையை வெச்சு ஒரு மனுஷனைத் தப்பா நினைக்கலாமா?” என்றார் கிடங்குக்காரர்.

“தப்புதான். முப்பத்தொம்போதையும் நாப்பத்தொண்ணையும் பிரிங்க மாப்பிள்ளை.”

இரண்டும் அழுகல். நடுவில் நாற்பது மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏலம் அதன் நம்பரைத் தடவினார். விரலில் கறுப்பு மை ஒட்டிக்கொண்டது. மற்ற மூட்டைகளின் நம்பர் எல்லாம் காய்ந்து மங்கியிருந்தது.

“மை இன்னும் காயலை மச்சான்.”

“வேற ஏதோ மூட்டைக்கு நாப்பதுன்னு ஞானஸ்நானம் பண்ணியிருக்காங்க, நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம்.” தராசு கத்தியை மடக்கினார். கிடங்குக்காரரின் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. “அய்யா, இந்தக் கதவுக்கு இப்ப சீல் வைக்க ஆள் வரும். சென்ட்டைக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்குங்க. போற இடத்துல தேவைப்படும்.”

வெளியே குழாயடியில் ஏலம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மூன்று தரம் சோப்புப் போட்டும் வாடை போகவில்லை.

“நாப்பது யாருக்குச் சொன்ன நம்பர்னு கேக்க மாட்டீங்களா?” என்றார் தராசு.

“கேக்கப் பயமா இருக்கு. தங்கச்சியா இருந்தா நான் திரும்பத் தக்காளி விக்கவே போயிடுவேன்.”

“மேலாளருக்கு நூத்திப்பத்து. தங்கச்சிக்கு இருநூத்தி அறுபது.”

ஏலம் சோப்பைக் கீழே போட்டார்.

“தங்கமான மனுஷன்னு சொன்னேன்” என்றார். “தலையைத் தடவினாரே மச்சான். அழாதேம்மா, நான் இருக்கேன்னு சொல்லித் தடவினாரே.”

“வாங்க. சாப்பாட்டு மணி அடிக்கப்போகுது. எனக்கு இன்னும் ஒரு கணக்கு இடிக்குது.”

“இன்னும் என்ன?”

“அறுபத்தோரு பிள்ளைங்க ஏன் கெட்டாங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. அந்த மிச்சம் ஒண்ணு ஏன் கெடலைன்னு யாரும் கேக்கலை. அதிர்ஷ்டம்னு ஒரு பேரை வெச்சு மூடிட்டாங்க.”

பள்ளிக்கூட வாசலில் குத்தூசிக்காரர் கேரியரோடு நின்றிருந்தார். இவர்களைக் கண்டதும் சிரித்தார்; ஏலத்தின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“நாப்பதாம் நம்பர் மூட்டை அருமையா இருந்துச்சு பெரியவரே. உங்க ஒருத்தருக்கு மட்டும் சொன்ன நம்பர்” என்றார் தராசு.

கிழவர் கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“அந்தச் சோளம் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் பேத்திக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு. இல்லையா?”

“எங்க வீட்டுப் பிள்ளையை நான் காப்பாத்தினேன்” என்றார் கிழவர். குரலில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்த ஏலத்துக்கு அதில் கோபம்தான் கேட்டது. “அது ஒரு தப்பா? நான் ஒருத்தன் ஒத்துக்கலைன்னா அவன் வேற ஒருத்தனைப் பிடிச்சிருப்பான். ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் நான் பொறுப்பா?”

“மருமகளும் உங்க வீட்டுப் பிள்ளைதானேய்யா!” என்றார் ஏலம்.

“அவளை வக்கீல் வெச்சு வெளிய எடுத்துடலாம்னு கிடங்குக்காரர் சொல்லியிருக்கார். ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. சின்ன வயசுதானே, தாங்கிக்குவா. இந்த வயசுல என்னால முடியுமா?”

ஏலத்துக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது. சுற்றிப் பார்த்தார். துப்பினால் தரைதான் அசிங்கமாகும் என்று விழுங்கிக்கொண்டார்.

அதற்குள் மணி அடித்தது. பள்ளிச் சமையல்காரம்மா கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். இப்போது வேறு இடத்திலிருந்து வாங்கின தானியத்தைச் சமைத்துக்கொண்டிருந்தார் அவர். தராசு அவரைக் கும்பிட்டார்.

“அம்மா, ஒரு சந்தேகம். ரத்தம் எடுத்ததுல ஒண்ணும் இல்லைன்னு வந்த அந்த ஒரு பிள்ளை, உங்க சாப்பாட்டை ஒழுங்கா சாப்பிடுவாளா?”

சமையல்காரம்மா சிரித்தார். “அவளா? அவ எங்க சாப்பிட்டா? அவளுக்குத்தான் தினம் கேரியர் வருதே! இதோ, இவர் கையில இருக்கிறதுதான்.”

“இது என் பேத்திக்கு” என்றார் கிழவர்.

“பேத்திக்குத்தான் கொண்டு வர்றீங்க. அவ இதைத் தொட்டாத்தானே? ‘தாத்தா டப்பா சலிச்சுப் போச்சு, உங்க இனிப்புக் கஞ்சிதான் வேணும்’னு தட்டைத் தூக்கிட்டு வந்து வரிசையில முதல் ஆளா நிப்பா. ரெண்டு வருஷமா உங்க பேத்தியோட கேரியர் அந்தப் பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையோட தட்டு உங்க பேத்திக்கு. ரெண்டும் அப்படி ஒரு சிநேகிதம். சாப்பிட்ட பிள்ளைதான் டப்பாவைக் கழுவியும் வைக்கும், பாவம். உங்க பேத்திக்கு என் கை ருசி பிடிச்சுப் போச்சுங்கய்யா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவா.”

கிழவர் கேரியரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“டப்பா காலியா வந்துச்சே” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “தினமும் காலியா வந்துச்சே. ஒரு பருக்கை இல்லாம… ஒரு நாள்கூட…”

“டப்பா காலின்னுதான் டப்பா சொல்லுச்சு” என்றார் தராசு. “வயிறு யாருதுன்னு அது சொல்லலை.”

“ரத்தம்…” கிழவர் சட்டென்று தராசின் கையைப் பிடித்தார். “அவளுக்கு ரத்தம் எடுக்கலையே! மத்த பிள்ளைக எல்லாம் ஒரு மாசமா மருந்து சாப்பிடுதே! நான்தானே வேண்டாம்னேன், எங்க பிள்ளை பள்ளிக்கூடத்துல சாப்பிடறதில்லைன்னு நான்தானே எழுதிக் குடுத்தேன்…”

தராசு தன் கையை விடுவித்துக்கொண்டு, அதைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி கிழவரைப் பார்த்ததும் கையசைத்தாள். பக்கத்தில் இன்னொரு சின்னப் பெண், கேரியர்மேல் கண்ணாக. கையசைத்தவளை ஏலம் உற்றுப் பார்த்தார். நேற்று வரை அவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். வெயிலில் அவள் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

“மாப்பிள்ளை, தங்கச்சிக்கு ஃபோன் போடுங்க. விடுதலைன்னு சொல்லுங்க” என்றார் தராசு மெல்ல.

ஏலம் ஃபோனை எடுத்தார். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். “அண்ணே? என்னாச்சுண்ணே? கண்டுபிடிச்சிட்டீங்களா? நான் கிளம்பி விசாரணைக்கு வரட்டுமா?”

சந்தையின் ஒரு கோடியில் நின்று மறுகோடிக்குக் கேட்கக் கூவிய மனிதர், பிள்ளைகளுக்குக் கேட்காமலிருக்க இரண்டடி தள்ளிப் போனார். கையில் இன்னும் அந்த வாடை இருந்தது. ஏலம் ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“விசாரணை இருக்கட்டும் தங்கச்சி” என்றார். “முதல்ல நீ பள்ளிக்கூடத்துக்கு வா.”